குறடை விட்டதும் கம்பி என்ன செய்கிறது?

ஓட்டக்காரன் ஒருவனின் கம்பி உருவம், உயரம் 30 சென்டிமீட்டர். காகிதத்தில் அதே அளவில் வரைந்த படத்தின் முதுகுக் கோட்டின்மேல் 2 மி.மீ. இரும்புக் கம்பியை வைத்து, கோட்டோடு கோடாகப் பொருந்தும்வரை வளைக்கிறேன். பொருந்திவிட்டது. கையை எடுத்ததும் கம்பி கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. முன்னால் சாய்ந்து ஓட வேண்டியவன், பேருந்துக்குக் காத்திருப்பவன்போல நிற்கிறான்.

கம்பி உருவம் செய்வதில் பாதி வேலை இந்த நிமிர்வைச் சமாளிப்பதுதான். வளைக்கும்போது கம்பியின் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் உள்ள பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உலோகம் ஓர் எல்லைவரை நீட்டினால் விட்டவுடன் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால்தான் நிரந்தரமாக உருமாறும். மென் இரும்புக்கு அந்த எல்லை மிகச் சிறியது, சுமார் 0.1 சதவீதம். லேசான வளைவில் கம்பியின் மேற்புறம் மட்டும் எல்லையைத் தாண்டுகிறது. நடுப்பகுதி தாண்டுவதில்லை. பிடியை விட்டதும் நடுப்பகுதி நேராக முயல்கிறது, மேற்புறம் வளைந்தே இருக்க முயல்கிறது. இந்த இழுபறி முடியும் இடத்தில் கம்பி நிற்கிறது.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 செ.மீ. ஆரமுள்ள முதுகு வளைவில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வளைவு திரும்பிவிடும். 5 மி.மீ. ஆரத்தில் மடக்கிய முழங்காலில் திரும்புவது ஓரிரு சதவீதம்தான். ஆகவே முழங்கால், முழங்கை, கணுக்கால் எல்லாம் வைத்தது வைத்தபடி நிற்கும். முதுகும் தொடையும்தான் ஏமாற்றும். அவற்றைக் கோட்டையும் தாண்டி வளைத்துவிட்டு விட வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அதே சுருளில் இருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டு முறை வளைத்துப் பார்த்தால் கை தெரிந்துகொள்ளும்.

சரி, முதலிலிருந்து வருவோம். கடையிலிருந்து வரும் கம்பி சுருளாக இருக்கும். அதைக் கையால் நீவி நேராக்கினால் சின்னச் சின்ன அலைகள் மிஞ்சும், அவை உருவத்தின் முகத்தில் போய் உட்காரும். ஒரு முனையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) இறுக்கி, மறுமுனையைக் குறடால் பிடித்து, கம்பி ஒரு துளி ‘கொடுக்கும்’வரை இழுப்பதுதான் நல்ல வழி. இழுக்கும்போது நடுப்பகுதி, மேற்புறம் என்ற பேதமில்லாமல் முழுக் குறுக்குவெட்டும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பழைய இழுபறிகள் சமமாகிவிடுவதால் கம்பி நேராக நிற்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிடி நழுவினால் முனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, கம்பி எதையும் மறக்காது. பென்சில் கோட்டை அழித்துவிட்டு வரையலாம். இங்கே அது நடக்காது. உலோகம் படிகங்களால் ஆனது. அணு வரிசைகளில் இருக்கும் இடப்பிறழ்வு என்ற குறைகள் நகர்வதால்தான் அது உடையாமல் வளைகிறது. 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூவர் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வளைக்க வளைக்க இந்தக் குறைகள் பெருகி, நெரிசலில் சிக்கிய வண்டிகள்போல ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. அந்த இடம் கெட்டிப்படுகிறது. அதை மறுபடி நிமிர்த்தப் பார்த்தால் வளைந்த இடம் அசையாது, அதன் இரு பக்கமும் உள்ள மென்மையான பகுதிதான் வளையும். தவறான மடிப்பைத் திருத்தப் போனவர்களுக்கு நேர்க்கம்பி கிடைக்காமல் பாம்பு நெளிவு கிடைப்பது இதனால்தான்.

இன்னும் வற்புறுத்தினால் முறிந்துவிடும். என் ஓட்டக்காரனின் இடது மணிக்கட்டை நான்கு முறை திருத்தினேன். ஐந்தாவது முறை சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. முறிந்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் பளபளப்பாக இல்லை, உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக இருந்தது.

செம்புக் கம்பியானால் மீட்பு உண்டு. மங்கலான சிவப்பு வரும்வரை சுடரில் காட்டினால் உள்ளே புதுப் படிகங்கள் முளைத்துப் பழைய நெரிசலைத் துடைத்துவிடும். அப்புறம் நூல்போல வளையும். எஃகைப் போலன்றி, சூடான செம்பைத் தண்ணீரில் போட்டாலும் அது கெட்டியாவதில்லை. அலுமினியத்தில் இந்த வேலை ஆபத்து: சிவக்கும் என்று காத்திருந்தால் 660 பாகை செல்சியஸில் சிவக்காமலே உருகி விழும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியைச் சுடரில் காட்டவே கூடாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும்.

எந்தக் கம்பி, எவ்வளவு தடிமன்? தடிமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு, நிரந்தரமாக வளைக்கத் தேவையான விசை எட்டு மடங்கு, விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மை, பதினாறு மடங்கு. 1 மி.மீ. கம்பிக்கும் 2 மி.மீ. கம்பிக்கும் கையில் இவ்வளவு வித்தியாசம் தெரிவது அதனால்தான். முதுகுக்கும் காலுக்கும் தடித்தது, உடம்பை நிரப்ப மெல்லியது, விரல்களுக்கு அதைவிட மெல்லியது. இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கினால் ஒரு தடித்த கம்பி கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. இரண்டும் தனித்தனியாக வளைவதால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஏறும். அதே அளவு உலோகம் ஒரே கம்பியாக இருந்தால் நான்கு மடங்கு. முறுக்குவதில் உள்ள லாபம் வேறு: மேலே சுற்றும் கம்பி அந்த வரிகளில் பிடித்துக்கொள்ளும், வழவழப்பான கம்பியில்போல வழுக்கிச் சுழலாது.

எலும்புக்கூடு எளிது. ஒரே கம்பியில் தலைக்கு ஒரு வளையம், கழுத்து, முதுகு, இடுப்பு, ஒரு கால். இடுப்பில் கட்டிய இன்னொரு கம்பி மறுகால். தோளுக்கும் கைகளுக்கும் குறுக்கே ஒன்று. பற்றவைக்கத் தேவையில்லை, மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றினாலே போதும். சுற்றிய கம்பியின் ஒரு முனையை இழுத்தால், மறுமுனைக்குப் போய்ச் சேரும் இழுவிசை சுற்றுக்குச் சுற்று பெருக்கல் கணக்கில் குறைகிறது. உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு, மூன்று சுற்றுக்குச் சுமார் 285 மடங்கு. முடிச்சே இல்லாமல் அது நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான். வெட்டிய முனையை மட்டும் உள்ளே மடக்கிவிடுங்கள், விரலைக் கிழிக்கும்.

ஒற்றைக் காலில் ஓடுபவனை நிறுத்துவதுதான் கடினம். மொத்த எடையும் ஒரு கணுக்காலில் வந்து நிற்கிறது. உடலின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு நேர்மேலே இல்லாவிட்டால் அந்த விலகலும் கணுக்காலை வளைக்கும். ஆகவே பின்னால் நீட்டிய காலுக்கு ஈடாக மார்பும் ஒரு கையும் முன்னே போக வேண்டும். உண்மையான ஓட்டக்காரனின் உடலும் ஒரு வகையில் இதையேதான் செய்கிறது. சிறிய உருவம் நன்றாக நிற்கிறதே என்று எல்லா அளவையும், கம்பியின் தடிமனையும் சேர்த்து, இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், கணுக்காலை வளைக்கும் விசை பதினாறு மடங்காகும். கணுக்காலின் வலிமையோ எட்டு மடங்குதான் ஏறியிருக்கும். பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் பருமனாக இருக்க வேண்டும் என்று 1638இல் கலிலியோ விளக்கியது இதே கணக்கைத்தான்.

நிமிர்வை எதிரியாகவே பார்க்க வேண்டியதில்லை. இயந்திரப் பொறியியல் படித்து 1919இல் பட்டம் பெற்ற அலெக்சாண்டர் கால்டர், 1926இல் பாரிஸுக்குப் போன பிறகு கம்பியில் மனித உருவங்கள் செய்யத் தொடங்கினார். நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கரைச் செய்தபோது வயிற்றையும் மார்பையும் சுருள்வில்லாகச் சுற்றினார். தொங்கவிட்டால் அவை மெல்ல அதிரும். நாம் அடக்கப் பாடுபடுகிற அதே மீள்தன்மை அங்கே நடனமாகிறது.

கடைசியில் ஒரு சோதனை செய்வேன். இருட்டறையில் ஒரே விளக்கை வைத்து உருவத்தின் நிழலைச் சுவரில் விழவிடுவேன். அசையாத நிழல் தட்டையாக இருக்கும், எந்தக் கை முன்னால் எந்தக் கை பின்னால் என்றே தெரியாது. உருவத்தை மெதுவாகச் சுழற்றினால் தட்டை நிழல் திடீரென்று உடம்பாகிவிடும். கோடுகள் ஒன்றுக்கொன்று நகரும் விதத்திலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. உளவியலாளர்கள் வாலக்கும் ஓ’கானலும் 1953இல் வளைத்த கம்பிகளின் நிழலைச் சுழற்றித்தான் இதை ஆராய்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்தப் பக்கம் சுழல்கிறது என்று நிழலில் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் ஓட்டக்காரன் திசை மாறித் திரும்புகிறான், முறிந்த இடது கை வலது கையாகிவிடுகிறது.