சொல் விளக்கம்: இனப்பெருக்க உரிமை

சுகாதாரப் பணிமனையின் சுவரொட்டி, தொண்டு நிறுவனக் கருத்தரங்கின் பதாகை, மகளிர் தின அறிக்கை என்று எங்கே பார்த்தாலும் ஒரே தொடர்தான்: ‘பாலியல் மற்றும் இனப்பெருக்க சுகாதாரமும் உரிமைகளும்’. மூச்சு விடாமல் வாசித்து முடிப்பதே பெரும்பாடு. திருகோணமலை மாவட்டத்து மூதூரிலோ வெருகலிலோ கிளினிக் நாளில் வாங்கில் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் “உங்கட இனப்பெருக்க உரிமை பற்றித் தெரியுமா, அக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். “அடுத்த பிள்ளை எப்ப எண்டு உங்கட வீட்டில ஆர் முடிவெடுக்கிறது?” என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். இரண்டு கேள்வியும் ஒன்றுதான்.

முதலில் பொருள். பிள்ளை பெறுவதா வேண்டாமா, பெற்றால் எத்தனை, எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதை ஒருவர் தாமே தீர்மானிக்கலாம். அதற்கு வேண்டிய தகவலும் வழிமுறையும் அவருக்குக் கிடைக்க வேண்டும். வற்புறுத்தலோ பாகுபாடோ வன்முறையோ குறுக்கே வரக்கூடாது. 1994-இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை, அபிவிருத்தி மாநாடு கொடுத்த விளக்கத்தின் சாரம் இது. அதற்கு முந்திய கதையில் ஒரு சின்ன மாற்றம் கவனிக்கத்தக்கது. 1968-இல் தெஹ்ரானில் கூடிய மனித உரிமை மாநாடு இந்த உரிமையைப் ‘பெற்றோருக்கு’க் கொடுத்தது. 1974-இல் புகாரெஸ்டில் அது ‘தம்பதிகளுக்கும் தனிநபர்களுக்கும்’ என்று ஆனது. மணமாகாத ஒருத்தியும் உரிமைக்காரியானது அந்த ஆறு வருட இடைவெளியில்தான். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 16-ஆம் உறுப்புரையிலும் இது இருக்கிறது. இலங்கை அதை 1981-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே இது நேற்று யாரோ கொண்டுவந்து இறக்கிய சரக்கு இல்லை.

இனிச் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தின் ‘ரிப்ரொடக்‌ஷன்’ தொடக்கத்தில் பிள்ளையோடு சம்பந்தப்பட்டதே அல்ல. இலத்தீன் வேரின்படி ‘மறுபடி வெளிக்கொணர்தல்’ என்று பொருள். 1712-இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், நன்னீர்ச் சிங்கியிறாலின் ஒடிந்த கால் திரும்ப முளைப்பதைச் சொல்லவே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1749-இல் இன்னொரு பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் எழுதிய பிறகுதான் உயிர்கள் தம்மைப் போன்ற உயிர்களை உண்டாக்குவதற்கு அது பொதுப்பெயரானது. அங்கிருந்து உயிரியல் பாடத்துக்குப் போய், உயிரியலில் இருந்து உரிமைப் பேச்சுக்கு வந்தது.

தமிழும் பாடப்புத்தகத்தில் இருந்துதான் சொல்லை எடுத்தது. இலங்கையில் விஞ்ஞானம் படித்தவருக்கு ‘இனப்பெருக்கம்’ என்றதும் இலிங்கமுறை, இலிங்கமில்முறை, மதுவம் (ஈஸ்ட்) அரும்புதல் எல்லாம் நினைவுக்கு வரும். மதுவத்துக்குப் பொருத்தமான சொல்தான். மதுவம் பெருகத்தான் பெருகும், அதனிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. மனிதருக்கு வரும்போது சிக்கல். ‘போதும்’ என்று சொல்வதும், ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்வதும் இந்த உரிமையின் பாதி. அதைப் ‘பெருக்கம்’ என்று எப்படி அழைப்பது?

அதைவிடப் பெரிய தொல்லை முன்பகுதியில் இருக்கிறது. உயிரியலில் ‘இனம்’ என்றால் ஓர் உயிரின் வகை. திருகோணமலையில் ‘இனம்’ என்றால் என்னவென்று யாருக்கும் அகராதி தேவையில்லை. இனப்பிரச்சினை, இனக்கலவரம், இனவிகிதாசாரம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்ந்து, எவரும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. குடிசன மதிப்பீடு வந்தால் தேநீர்க்கடையில் முதலில் பேசப்படுவதே யார் கூடினார்கள், யார் குறைந்தார்கள் என்பதுதான். அப்படிப்பட்ட ஊரில் ‘இனப்பெருக்க உரிமை’ என்று சொன்னால் காதில் விழுவது வேறு. ஓர் ஆளுக்குரிய உரிமை, சமூகத்துக்குச் செய்யவேண்டிய கடமைபோலக் கேட்கிறது. “எங்கட சனம் குறையுது, நீ ரெண்டோட நிப்பாட்டினா எப்பிடி?” என்று மாமி மருமகளைக் கேட்பதற்குச் சொல்லே தோதாக இருக்கிறது. இந்தக் கேள்வி மூன்று சமூகத்து வீடுகளிலும் கேட்கப்படுவதுதான், ஒரு சாராரைச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

இதை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலந்ததாக வதந்தி கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்திலேயே இல்லை. மறுபக்கம், 2013-இல் கிளிநொச்சியில் போதிய விளக்கம் கொடுக்காமல் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. பெருகச் சொல்லி நெருக்குவதும் பெருகாதே என்று நெருக்குவதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: முடிவு அந்தப் பெண்ணுடையதாக இல்லை.

‘உரிமை’க்கும் ஒரு பழங்கதை உண்டு. உரியது, உரியவர், உரித்து என்று ஒரே குடும்பம். ஆனால் பழைய வழக்கில் ‘உரிமை’ என்றாலே மனைவி என்றும் பொருள். ‘உரிமைப் பெண்’ என்றால் முறைப்பெண், அதாவது ஒருவன் கட்டிக்கொள்ள உரித்துள்ளவள். நம் பக்கத்தில் மச்சாள் முறை. சொல்லுக்குள்ளேயே பெண் உடைமையாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். இன்று அதே சொல்லை அவள் தன் பக்கம் எடுத்துக்கொண்டு ‘என் உரிமை’ என்கிறாள். தமிழில் இதைவிட அழகாக வேலை செய்த சொல் அதிகம் இல்லை என்பேன்.

‘பாலியல்’ பற்றிச் சுருக்கமாக. பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று இலக்கணத்தில் வருவது அதுதான். அப்புறம் ‘இயல்’ சேர்ந்து புதுச்சொல்லானது. பத்திரிகையில் அது எப்போதும் வன்புணர்வு, தொந்தரவு, இலஞ்சம் ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்தே வருவதால், தனியே ‘பாலியல் உரிமை’ என்றால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். தமிழர் மட்டுமா? கெய்ரோ ஆவணத்திலும் 1995 பெய்ஜிங் ஆவணத்திலும்கூட ‘பாலியல் உரிமைகள்’ என்ற தொடர் இல்லை. உள்ளடக்கத்தைப் பெய்ஜிங் விரித்து எழுதியது, பெயரை மட்டும் வைக்கவில்லை.

சரி, நல்ல தமிழ்ச்சொல் எது? ‘இனவிருத்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது மாட்டுக்கும் கோழிக்கும் சொல்வது, மிருக வைத்தியர் அலுவலகத்துக்கே விட்டுவிடலாம். ‘கருவள உரிமை’ பரவாயில்லை, ஆனால் மண்வளம்போல ஒலிக்கிறது. எனக்குப் பிடித்தது ‘மகப்பேற்று உரிமை’, பேச்சில் ‘பிள்ளைப்பேற்று உரிமை’. பெறு என்ற வினை நீண்டு பேறு ஆனது, கெடு கேடு ஆவதுபோல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். தொழிற்பெயர் என்பதால் ‘பெறுவது யார்?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. பதிலில் இனம் வராது, ஓர் ஆள் வருவார். குறளின் ஏழாம் அதிகாரமும் மக்கட்பேறுதான், ஆக சொல் பழையது. குறையும் சொல்லவேண்டும். ‘மகப்பேறு’ என்றதும் பிரசவ வார்டுதான் கண்ணில் நிற்கும், கருத்தடை நிற்காது. பேறு என்றால் பாக்கியம் என்றும் பொருள் இருப்பதால் பிள்ளை இல்லாதவருக்கு உறுத்தும். இருந்தும் ‘இன’த்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இந்த உரிமைக்காக ஏதாவது செய்வதைத் தொண்டு நிறுவனத் தமிழ் ‘பரிந்துபேசல்’ என்கிறது. பரிவு என்றதும் இரக்கம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ என்ற குறளில் ‘பரிந்து’ என்பதற்கு வருந்தி, பாடுபட்டு என்று பொருள் கொள்வார்கள். அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் அலைச்சல் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாவது பிள்ளை கிடைத்த கையோடு எல்.ஆர்.டி., அதாவது கருக்குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை, செய்யச் சம்மதித்தார். ஆஸ்பத்திரியில் நீட்டிய போம் முழுக்கச் சிங்களம். “இதில என்ன எழுதியிருக்கு, மிஸ்?” என்று கேட்டதற்கு “ஒண்டுமில்ல, சைன் வையுங்கோ” என்றுதான் பதில். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் வரும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு முழுமையான உரிமைச் செயற்பாடு. நிரந்தரக் கருத்தடைக்குச் சம்மதம் என்றால் விளங்கிச் சொன்ன சம்மதம். தமிழ் 1987-இல் 13-ஆம் திருத்தத்தோடு அரச கரும மொழியானது. அதை அலுவலகம் மதிக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். லூப், ஊசி, குளிசை, குச்சி என்று எல்லா முறையையும் பக்கவிளைவோடு விளக்கும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்பதும் அதே வகைதான்.

அடுத்தது எண்ணிக்கை கேட்பது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் பிரிவில் குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடம் எத்தனை, எந்தக் கருத்தடைச் சாதனம் எத்தனை மாதம் கையிருப்பில் இல்லை என்று கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் தருகிறாரா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். திருகோணமலைக்காரருக்கு ஒரு வசதி, கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் இந்த நகரத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பார் பஸ் ஏறி வரவேண்டியதற்கு நாம் சைக்கிளில் போய்விடலாம்.

வன்முறை என்றால் காத்திருக்க வேண்டாம். மகளிர் உதவி இலக்கம் 1938. அரச வைத்தியசாலைகளில் உள்ள ‘மிதுறு பியஸ’, அதாவது நட்பு நிலையத்தில், பொலிசுக்குப் போகுமுன்னே பேசலாம்.

சட்டம்தான் நீண்ட வேலை. 1883-இன் தண்டனைச் சட்டக்கோவை 303-ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க அல்லாமல் வேறெதற்கும் கருக்கலைப்புக் கூடாது. வன்புணர்வால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. 1995-இல் அதைத் தளர்த்த வந்த வாசகம் பாராளுமன்றத்தில் மீளப் பெறப்பட்டது. அதே ஆண்டு மற்றவர்களின் திருமண வயது 18 ஆனது, ஆனால் 1951-இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது இல்லை. சிறுமி 12 வயதுக்குக் கீழே என்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இதை மாற்றச் சொல்லிப் பல வருடமாகக் குரல் கொடுப்பவர்கள் முஸ்லிம் பெண்களே. சிலர் பயப்படுகிறார்கள்: சட்டத்துக்கு எதிராகப் பேசினால் பிடிப்பார்களா? சட்டத்தை மீறுவது வேறு, மாற்றக் கேட்பது வேறு. பிந்தியது குற்றமில்லை. உள்ளூரில் கதவு திறக்காவிட்டால், மேலே சொன்ன 1979 சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்கும் தனிநபர் முறையிடலாம். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று 2022-இல் ஓர் இலங்கைப் பெண்ணின் முறைப்பாட்டில் அந்தக் குழு தீர்ப்புச் சொன்னது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கூட்டத்திலும் வீட்டிலும் ‘பிள்ளைப்பேற்று உரிமை’ என்றே சொல்லுங்கள், சனத்துக்கு விளங்கும். தகவல் கேட்கும் விண்ணப்பத்தில் மட்டும் அலுவலகக் கோப்பில் உள்ள ‘இனப்பெருக்க சுகாதார சேவைகள்’ என்பதையே எழுதுங்கள். நல்ல தமிழ் எழுதப்போனால் “அப்படி ஒரு தகவல் எம்மிடம் இல்லை” என்று ஒரு வரிப் பதில் வந்து சேரும்.