மாட்டுக்குப் பந்திச் சோறு வேண்டாம். வைத்துவிட்டால் மறைக்க வேண்டாம்

முகூர்த்த நாள் எது என்று தெரிந்துகொள்ள நான் காலண்டரைப் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் என் போன் சொல்லிவிடும். தை, வைகாசி, ஆவணி என்றால் மண்டபத்தில் பந்தி முடிந்த மறுநாள் விடிவதற்குள் ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வரும். "மாடு அசை போடலைங்க டாக்டரம்மா. தீவனத்தை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது." என்ன போட்டீங்க என்று கேட்பேன். "எப்பவும் போடறதுதானுங்க" என்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் புளிச்ச நாற்றத்தோடு தண்ணீராய்க் கிடக்கும் சாணியில் சோற்றுப் பருக்கை முழுசு முழுசாகத் தெரியும்.

இந்த வாரமும் ஒன்று போய்விட்டது. நாலாம் ஈத்துக் கலப்பின மாடு, கன்று போட்டு ஒன்றரை மாதம்தான் ஆகிறது. நான் போனபோது தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. கன்று போட்ட மாடு படுத்துவிட்டதே, கால்சியம்தான் குறைந்திருக்கும் என்று முந்தின ராத்திரியே யாரோ ஒருவர் பாட்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். யார் என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோற்று விஷயத்தையும் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது அதுவே சொல்லிவிட்டது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்கள் யாரும் மாட்டைக் கவனிக்காதவர்கள் இல்லை. ரெண்டு கறவை, நாலு வெள்ளாடு, பஞ்சாரத்துக்கு அடியில் ஒரு தாய்க்கோழி என்று வைத்திருக்கும் வீடுகள். கன்று விழுந்தால் சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். (கன்று பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் அது வயிறாரக் குடித்த பிறகுதான் நமக்கு. அது நான் போடும் வேறொரு சண்டை.) மகளின் காலேஜ் பீஸ் எந்த மாட்டுப் பாலில் கட்டியது என்று இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். சாயந்திரம் குட்டிகள் கிணற்று மேட்டில் ஏறிக் குதிக்கிற நேரத்தில் டிவியை விட்டுவிட்டு வெளியே கட்டில் போட்டு உட்காருவார்கள். பைக் சத்தம் கேட்டதும் கத்துகிற மாட்டைக் காட்டி, "நான் வர்ற வரைக்கும் இவ இப்படித்தான்" என்று பெருமைப்படுவார்கள். மண்டபத்தின் பின்வாசலில் ஒரு அண்டா சாதம் மிச்சமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, "நம்ம லட்சுமி திம்பாளே" என்று நினைக்க வைப்பதும் இந்தப் பிரியம்தான்.

சரி, அந்த நினைப்பில் என்ன தப்பு?

எனக்கு மிகவும் ஆத்திரம் வரவைக்கும் வசனம் ஒன்று உண்டு. "வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதாங்க? வயிறு நெறைஞ்சா அதுவே நிறுத்திக்கும்." படித்தவர்களும் சொல்கிறார்கள், முப்பது வருஷமாக மாடு வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். புல்லிலும் வைக்கோலிலும் இது உண்மைதான். அதெல்லாம் நார். கடித்து இழுக்க வேண்டும், வயிறு கொள்ள வேண்டும், பிறகு மணிக்கணக்கில் அசை போட வேண்டும். நிறைந்ததும் மாடு தானாக நகர்ந்துவிடும். சோறு அப்படி இல்லை. நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கும், மெல்லவே வேண்டியதில்லை. ஒரு வாளி காலியான பிறகும் வயிறு நிறைந்த உணர்வு அதற்கு வராது. மேய்ந்து திரிந்த அதன் பரம்பரையில் எந்த மாட்டுக்கும் யாரும் அண்டாவில் சாதம் வைத்ததில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு மக்காச்சோளக் குவியலில் வாய் வைத்த மாடு "போதும்" என்று தானாகத் திரும்பி வந்ததை நான் பார்த்ததே கிடையாது, யாராவது விரட்டித்தான் ஆக வேண்டும். ஆடு இதைவிட மோசம். ரேஷன் அரிசி மூட்டை இருக்கும் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும். அது ஆசையாகத் தின்பதால் அது அதற்கு நல்லது என்று ஆகிவிடாது. தயவுசெய்து இந்த ஒரு வசனத்தை மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்.

அடுத்து வருவது, "பெரியப்பா வீட்டு மாடும் அதே சோத்தைத்தான் தின்னுச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" பெரியப்பா வீட்டு மாடு தினமும் கஞ்சியும் தவிடும் குடித்துப் பழகியதாக இருக்கும், அல்லது ஒரு சட்டிதான் தின்றிருக்கும். உங்கள் மாடு இரண்டு வாளி. கழுநீர்த் தொட்டியில் கொஞ்சம் வடிகஞ்சி கலந்து ஊற்றுவதற்கும், வெறும் வயிற்றோடு நிற்கும் மாட்டுக்கு முன்னால் இரண்டு வாளி சாதத்தை வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரித்துத் தருகின்றன. தொட்டியில் நாம் போடுவது முதலில் அவற்றுக்குத்தான் போகிறது. வெந்த மாவுச்சத்து மொத்தமாக உள்ளே இறங்கினால், சித்திரை வெயிலில் மூடி வைத்த தோசை மாவு மாதிரி புளித்துவிடும். சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்கும் கீழே போய்விடும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், லாக்டிக் அமிலம் ரத்தத்தில் ஏறும், உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும். படுத்த மாட்டுக்குக் கண் குழி விழுவது அதனால்தான். கண்ணேறு பட்டதால் இல்லை. மிளகாய் சுற்றிப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் போன் பண்ணிவிட்டுச் சுற்றுங்கள்.

தின்ற அன்றே எல்லாம் தெரிந்துவிடாது. சில மணி நேரம் மாடு சும்மாதான் நிற்கும். பிறகு அசை போடுவது நிற்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், இடது பக்கப் பள்ளம் மேடாகும், புளித்த வாடையோடு கழியும், நடந்தால் குடிகாரர் போலத் தள்ளாடும். படுத்து, காது சில்லிட்டுப்போன பிறகு எங்கள் கையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கடுமையான கேஸ் என்றால் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

முதல் சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் கதையே வேறு. மாடு தின்றுவிட்டது, ஆனால் இன்னும் துடிப்பாகத்தான் இருக்கிறது என்றால், மிச்சமிருக்கும் சோற்றை உடனே எடுத்துவிடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள். வைக்கோல் மட்டும் போடுங்கள். மணிக்கொரு தடவை அவிழ்த்து நடத்துங்கள். வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அக்கம்பக்கத்து வைத்தியம் எதுவும் வேண்டாம். ஆப்பச்சோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எண்ணெய் ஊற்றும் பழக்கத்துக்கு வருகிறேன். வயிறு உப்பினால் வீட்டில் உள்ளவர்கள் செய்யும் முதல் வேலை, ஒரு காலி பாட்டிலில் நல்லெண்ணெயை நிரப்பி, இரண்டு பேர் கொம்பைப் பிடித்து முகத்தை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றுவது. நாக்கை இழுத்தால் மாடு எப்படி விழுங்கும்? உங்கள் நாக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும். சோற்றால் வந்ததை நாங்கள் சரி செய்தாலும், நாலு நாளில் இருமி இருமி மாடு போய்விடும். அரைமயக்கத்தில் இருக்கும் மாட்டுக்கு வாய் வழியாக எதுவுமே ஊற்றக்கூடாது. எண்ணெய், மோர், கஷாயம், எதுவுமே.

எங்கள் பக்கம் என்ன செய்வோம்? பாட்டில் பாட்டிலாக நரம்பு வழியே மருந்துத் தண்ணீர் ஏற்றுவோம், அமிலத்தை முறிப்போம். முற்றிய கேஸில் மாடு நிற்கும்போதே இடது விலாவை மரத்துப்போகச் செய்து கீறி, உள்ளே கிடப்பதைக் கையால் வாளி வாளியாக அள்ளி வெளியே எடுப்போம். பிறகு ஆரோக்கியமான வேறொரு மாட்டின் வயிற்றுச் சாற்றை வடிகட்டி ஊற்றி, செத்துப்போன நுண்ணுயிர்களை மறுபடி குடியேற்ற வேண்டும். ஆடுகளுக்கு அந்தச் சாறு வாங்க நான் கறிக்கடைக்குத்தான் போவேன். கடைக்காரரும் இப்போது பழகிவிட்டார், ஏன் என்று கேட்பதில்லை.

பிழைத்த மாடும் முழுசாகத் தப்பியதாக நினைக்க வேண்டாம். சில வாரம் கழித்துக் குளம்பு வலியில் முள் மேல் நடப்பது போல் நடக்கும். சினை மாடு என்றால் கரு கலையலாம். இதே நோயின் சின்ன வடிவம் ஒன்று தினமும் நடந்துகொண்டிருக்கும். பால் கூடும் என்று கஞ்சியையும் மாவையும் அள்ளிக் கொட்டும் வீடுகளில் பார்க்கலாம். பாலில் கொழுப்புச் சத்து குறையும், சொசைட்டியில் விலை இறங்கும், "தீவனச் செலவு ஏறுது, காசு மட்டும் வரமாட்டேங்குது" என்று புலம்புவார்கள். 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ அடர்தீவனம், உடம்புக்கென்று தனியாக 1 முதல் 1.5 கிலோ, அதையும் காலை மாலையாகப் பிரித்து, பசும்புல் வைக்கோலோடு. எந்தத் தீவனத்தை மாற்றுவதானாலும் இரண்டு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அரிசியோ சோளமோ இருக்கும் அறைக்கு நல்ல தாழ்ப்பாள் ஒன்று போடுங்கள், மாட்டு விலையில் அது ஒரு காசு பெறாது.

பட்டிப் பொங்கல் வரும்போது என்னை எல்லோரும் திட்டுவார்கள். கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பட்டியில் கட்டிய சின்னத் தெப்பக்குளத்தை மிதிக்க வைத்து, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தும்போது நானும் கூட நின்று கத்துகிறவள்தான். மாட்டுக்குப் பொங்கல் ஊட்டாதே என்று நான் சொல்லவே இல்லை. வாழை இலையில் ஒரு உருண்டை ஊட்டுங்கள், நெற்றியில் பொட்டு வையுங்கள், கரும்புச் சோகை போடுங்கள். வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் தனித்தனியாக ஊட்டுவதும், அப்புறம் பானையில் மிச்சமானதைத் தொட்டியில் கவிழ்ப்பதும்தான் வேண்டாம் என்கிறேன். குழந்தைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள், ஆசையில் அதிகம் ஊட்டுவது அவர்கள்தான்.

மறைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கேட்கும்போது பொய் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதன் காரணமும் எனக்குத் தெரியும். சோற்றை வைத்தது அவர்கள். மாமியார் பக்கத்தில் நிற்பார், வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டு நிற்பார். ஆம்பிளைகள் வெந்நீர் எடுக்க நகர்ந்த நேரத்தில் கட்டுத்தரை ஓரமாக வந்து, "ரெண்டு வாளி வெச்சேனுங்க, வீணாப் போகுதேன்னு..." என்று மெதுவாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் பிழைத்த மாடுகளும் இருக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் போனதும் முதல் வேலையாக, கூட நிற்பவர்களை ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்காரர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாடு செத்தால் அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளிப் பால் கறப்பவர் அவர்தான். நீங்கள் போட்ட சத்தம்தான் அடுத்த தடவை அவர் வாயை அடைக்கும்.

மண்டபத்தில் மிச்சமானதை மாட்டுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று நினைக்கும் சமையல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சாதம் மட்டும் இல்லை, பிளாஸ்டிக் கப்பும் ஸ்பூனும் பல்குச்சியும் சேர்ந்தே போகின்றன. மனிதர் சாப்பிடும் நிலையில் இருந்தால் மனிதருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் எருக்குழியில் போடுங்கள்.

1962-க்கு அழைக்கலாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. யாரிடம் பேசினாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: என்ன தின்றது, சோறா அரிசியா மாவா, எத்தனை வாளி, எத்தனை மணிக்கு, எத்தனை மாதச் சினை அல்லது கன்று போட்டு எத்தனை நாள், அதற்குள் வீட்டில் என்ன ஊற்றினீர்கள். எண்ணெய் ஊற்றியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போனில் திட்டமாட்டேன்.