ட்ரைலஜியா, தொடரா?

ஒரு படத்துக்கு மூன்றாம் பாகம் வந்துவிட்டால் போதும், உடனே 'ட்ரைலஜி' என்று எழுதிவிடுகிறோம். வெறும் எண்ணிக்கையை வைத்து வந்த பெயரல்ல அது.

கிரேக்கத்தில் 'ட்ரி' என்றால் மூன்று, 'லோகோஸ்' என்றால் சொல், கதை. பழைய ஏதென்ஸில் மதுக் கடவுள் டயோனைசஸின் விழாவில் நடந்த நாடகப் போட்டிக்கு ஒரு கவிஞர் மூன்று துன்பியல் நாடகங்களைக் கொண்டுவருவார். (கூடவே ஒரு கேலி நாடகமும் உண்டு. அதையும் சேர்த்தால் டெட்ராலஜி.) அப்படி எழுதப்பட்டவற்றில் மூன்று நாடகங்களும் சேர்ந்து நமக்குக் கிடைத்திருப்பது எஸ்கிலஸின் 'ஒரெஸ்டியா' மட்டும்தான். கி.மு. 458இல் அரங்கேறியது. முதல் நாடகத்தில் கொலை, இரண்டாவதில் பழிக்குப் பழி, மூன்றாவதில் வழக்கும் தீர்ப்பும். தீர்ப்புக்குப் பிறகு நான்காவதாகச் சொல்ல ஏதுமில்லை. ஈடிபஸ் குடும்பத்தைப் பற்றிய சோஃபக்ளீஸின் மூன்று நாடகங்களையும் ட்ரைலஜி என்பார்கள். ஆனால் அவை வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக எழுதப்பட்டவை.

'சீரிஸ்' இலத்தீன் சொல். கோத்தல், வரிசையாக இணைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. நம் 'தொடர்' அதற்கு அச்சாகப் பொருந்தும், தமிழில் சங்கிலிக்கும் அதே பெயர்தானே. இன்னொரு கண்ணி சேர எப்போதும் இடமிருக்கும். 1962இல் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் படங்கள் தொடர்.

ட்ரைலஜி என்றால் முதலிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. 'பதேர் பாஞ்சாலி' (1955) எடுத்தபோது சத்யஜித் ராயிடம் மூன்று படத் திட்டம் கிடையாது. 1959இல் மூன்றாவது படமான 'அபுர் சன்சார்' வந்தபோது நாயகன் அபுவின் வாழ்க்கை ஒரு முழு வட்டமாகிவிட்டது. மாறாக, 'டாய் ஸ்டோரி'யை 2010இல் மூன்றாம் படத்தோடு எல்லோரும் ட்ரைலஜி என்றார்கள். 2019இல் நான்காவது வந்தது, அப்புறம் அது தொடர்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'முத்தொகுதி' என்று எழுதுவோர் உண்டு, தவறில்லை. ஆனால் தொகுதி என்றதும் யாரோ பிறகு தொகுத்தது போலிருக்கிறது. படங்களுக்கு என் ஓட்டு 'முப்படம்'. முப்பால் போலவே புணர்ச்சி இயல்பாக அமைகிறது. தொடருக்குத் 'திரைப்படத் தொடர்' என்று முழுதாகவே எழுதலாம், வெறும் 'தொடர்' என்றால் சின்னத்திரை நினைவுக்கு வந்துவிடும். இரண்டே படம் என்றால் புதுச்சொல்லே வேண்டாம். சிலம்பையும் மேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம், 'இரட்டைப் படம்' போதும்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. மணிரத்னத்தின் 'ரோஜா', 'பம்பாய்', 'உயிரே' மூன்றையும் விமர்சகர்கள் ட்ரைலஜி என்பது வழக்கம். கதை வேறு, பாத்திரங்கள் வேறு, ஆனால் வன்முறைக்கு நடுவே காதல் என்ற பொருள் ஒன்று. இவற்றைத் தொடர் என்று சொல்லவே முடியாது, முப்படம் எனலாம்.