ஏரியா நேவிகேஷன்: பகுதியா, பரப்பா?

விமானிகள் 'ஆர்நேவ்' (RNAV) என்று சொல்வது ஏரியா நேவிகேஷனைத்தான். விமானம் வழிகண்டு பறக்கும் ஒரு முறை இது; இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஏரியாவுக்கு 'ஆர்' எப்படி வந்தது? ஆரம்பத்தில் இதற்கு ரேண்டம் நேவிகேஷன் என்று பெயர். பிறகு பெயரை மாற்றினார்கள், சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரேண்டம் என்றதும் தாறுமாறாகப் பறப்பது என்று எண்ண வேண்டாம். பழைய வான்தடங்கள் தரையிலுள்ள விஓஆர் போன்ற வானொலி நிலையங்களைக் கோத்துப் போட்டவை. ஒரு நிலையத்தின் தலைக்கு மேல் போய், அங்கிருந்து அடுத்ததைப் பிடிக்க வேண்டும். நேர்வழி இருந்தாலும் சுற்றுத்தான். ஆர்நேவில் அந்தக் கட்டாயம் இல்லை. தரை நிலையங்கள், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், விமானத்துக்குள்ளேயே இருக்கும் கருவிகள் தரும் தகவலை வைத்து, தான் இருக்கும் இடத்தை விமானக் கணினியே கணக்கிடுகிறது. சிக்னல் எட்டும் பரப்புக்குள் எந்தப் பாதையிலும் போகலாம். ஏரியா என்பது அந்தப் பரப்புதான்.

அதனால் 'பகுதி வழிசெலுத்தல்' எனக்கு ஒப்பவில்லை. பகுதிநேர வேலை மாதிரி, பாதி வழிக்கு மட்டும் செலுத்துவதாகத் தொனிக்கிறது. 'பரப்பு வழிசெலுத்தல்' பொருந்தும். 'வழிச்செலவு' என்று சுருக்கலாம்தான், ஆனால் கணக்குப் பிரிவில் பில் கேட்பார்கள்!

இப்படிப் பறக்கும் தடம் 'பரப்பு வழித்தடம்'. பெயரின் முதல் எழுத்திலேயே தடத்தின் வகை தெரிந்துவிடும். பழைய தடங்களில் ஆம்பர், ப்ளூ, கிரீன், ரெட் என்று நிறப்பெயர்கள் இருந்தன. எல், எம், என் என்று தொடங்கினால் பல நாடுகளை இணைக்கும் ஆர்நேவ் தடம். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வங்கக் கடல் மேல் வரும் என்571 அப்படிப்பட்டது. 2014இல் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோது செய்திகளில் அடிபட்ட பெயர்.

தடத்தில் வரும் வேபாயிண்ட், 'வழிப்புள்ளி'. பெரும்பாலும் அதன் கீழே நிலையமோ கோபுரமோ இருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை, ஐந்தெழுத்துப் பெயர், அவ்வளவுதான். புள்ளிக்கு முன்பே வளைந்து திரும்பினால் ஃப்ளை-பை, மேலே போய்விட்டுத் திரும்பினால் ஃப்ளை-ஓவர். 'முன்திரும்பு புள்ளி', 'கடந்துதிரும்பு புள்ளி' என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எண்கள். ஆர்நேவ் 5 என்றால், பறக்கும் நேரத்தில் 95 சதவீதமாவது தடத்திலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விமானம் இருக்க வேண்டும். ஆர்நேவின் உறவான ஆர்என்பி (ரெக்வயர்ட் நேவிகேஷன் பெர்ஃபார்மன்ஸ்) இன்னும் கறாரானது: துல்லியம் குறைந்தால் விமானமே கண்டறிந்து விமானியை எச்சரிக்க வேண்டும்.