குருவிச்சை எண்டா என்ன? மாமரத்துக் கொப்பில வேற இலை முளைச்சா வாசியுங்கோ

கறுத்தக்கொழும்பான் மரத்தை அண்ணாந்து பாக்கேக்க ஒரு கொப்பில மட்டும் மாவிலை இல்லாம, கட்டையா தடிச்ச சாம்பல்பச்சை இலையோட ஒரு பத்தை நிக்குதெண்டா அது மரத்துக்கு வந்த வருத்தம் இல்லை, ஒட்டுக்குக் கீழ இருந்து வெடிச்ச காட்டுமாங்கொப்பும் இல்லை. அது தனி ஒரு செடி. எங்கட ஊரில அதுக்குப் பேர் குருவிச்சை. தமிழ்நாட்டுக்காரர் புல்லுருவி எண்டுவினம், சிங்களத்தில பிளில. இப்ப படத்தைப் போட்டு "இது என்ன ஒட்டுண்ணி" எண்டு கேக்கிற ஆக்கள் கூடிப்போச்சினம், அதாலதான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரிச்சு எழுதுறன்.

ஒட்டுண்ணி எண்டது பிழை இல்லை, ஆனா அது ஒரு பெரிய பொதுப்பேர். ஒட்டி இருந்து உண்ணுறது எல்லாம் ஒட்டுண்ணிதான், பேனும் அதுதான், மாட்டில கடிக்கிற உண்ணியும் அதுதான், வேலியில மஞ்சள்பச்சை நூலாப் படருற கொத்தானும் அதுதான். அதோட எங்கட ஆக்கள் ஒட்டு எண்டாலே ஒட்டுமாங்கண்டைத்தான் நினைப்பினம், அது நாங்களே விரும்பிக் கட்டுறது, இது கேக்காம வந்து குந்துறது. அதால குருவிச்சை எண்டே சொல்லுங்கோ, கேக்கிறவைக்கு உடன விளங்கும்.

புல்லுருவி எண்ட சொல்லைப் பிரிச்சுப் பாத்தா வடிவான சொல்லு. புல்லுதல் எண்டா தழுவுறது, உருவுதல் எண்டா ஊடுருவிப் போறது. கொப்பைத் தழுவிப் பிடிச்சுப் பிறகு உள்ளுக்க இறங்குற செடிக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு பேர் வைக்கேலாது எண்டுதான் நான் நினைக்கிறன். ஆரும் மற்றவையின்ட உழைப்பில இருந்து சாப்பிட்டா அவையையும் புல்லுருவி எண்டு ஏசுறது இதாலதான். குருவிச்சையில குருவி எண்ட சொல்லு காதில தெளிவாக் கேக்குது, குருவியும் இச்சையும் சேர்ந்த பேர் எண்டு பிரிக்கிறது பிந்தி வந்த கற்பனையா இருந்தாலும் செடியின்ட சீவியத்துக்கு அச்சாவாப் பொருந்துது, ஏனெண்டா இது பரவுறது முழுக்கக் குருவியாலதான். பூக்கொத்தி எண்டு ஒரு சின்னன் குருவி இருக்கு, இலங்கையில இருக்கிற குருவியளில ஆகச் சின்னது அதுதான். அது பழத்தை விழுங்கி விதையைக் கழிக்கும், விதையைச் சுத்திப் பசை இருக்கிறபடியா அது லேசில விழாது, குருவி பின்பக்கத்தைக் கொப்பில உரஞ்சித் துடைச்சுப்போட்டுப் பறந்திடும், விதை அங்கயே ஒட்டி முளைக்கும். தேன்சிட்டு பூவுக்கு வரும், அது தேனுக்கு.

தாவரவியல்ல இதுக்கு டென்ட்ரோப்தே ஃபல்காட்டா எண்டு பேர். கிரேக்கத்தில டென்ட்ரான் எண்டா மரம், ப்தோயே எண்டா உருகி மெலியிறது, மரத்தை மெலிய வைக்கிறது எண்ட கருத்து. பழைய புத்தகங்களில லோரந்தஸ் எண்டு இருக்கும், அது லத்தீன் லோரும், அதாவது வார், கிரேக்க ஆந்தோஸ், அதாவது பூ. சிலபேர் இங்கிலீசில மிசில்டோ எண்டு தேடி ஐரோப்பாக்காரர் நத்தாருக்குத் தொங்கவிடுற வெள்ளைப்பழச் செடியின்ட படத்தைப் பாத்துக் குழம்பினம். அது விஸ்கம், வேற குடும்பம். எங்கடைக்குச் செம்மஞ்சள் குழாய்ப் பூ, பழம் பழுத்தா இளஞ்சிவப்பு.

இது முழு ஒட்டுண்ணியும் இல்லை. பச்சை இலை இருக்கு, சாப்பாட்டைத் தானே சமைக்கும், தண்ணியையும் உப்புக்களையும்தான் மரத்தில இருந்து உறிஞ்சும், அதால பகுதி ஒட்டுண்ணி எண்டுறதுதான் சரி. கிட்டப் போய்ப் பாத்தா ஒட்டின இடத்தில கொப்பு முண்டு மாதிரி வீங்கிக் கிடக்கும், அதில இருந்து பட்டைக்கு மேலால வேர் ஓடி இடைக்கிடை உள்ளுக்கு உறிஞ்சு வேர் இறக்கியிருக்கும். வீக்கத்துக்கு அங்கால இருக்கிற கொப்பின்ட நுனிக்குத் தண்ணி போய்ச் சேராது, காய் சிறுக்கும், பிறகு நுனி காஞ்சுபோகும்.

மரத்தில ஒட்டியிருக்கிற எல்லாத்தையும் குருவிச்சை எண்டு வெட்டாதேங்கோ. பட்டையில சாம்பல் தேமல் மாதிரிப் படர்ந்து கிடக்கிறது இலைக்கன், மரத்தை உறிஞ்சாது. ஓர்க்கிட், பன்னம் எல்லாம் மேலொட்டி, மரம் அதுகளுக்கு இருக்கை மட்டும்தான். ஆல், அரசு கவட்டில முளைச்சா அது வேற பிரச்சினை, சின்னனிலயே பிடுங்கோணும்.

குருவிச்சைக்குப் பூச்சிமருந்து அடிச்சுப் பிரயோசனம் இல்லை. கொக்கத்தடியால பத்தையை மட்டும் முறிச்சாலும் உள்ளுக்கிருக்கிற வேரில இருந்து திரும்ப வெடிக்கும். வீக்கத்துக்கு இஞ்சால, அடிமரப் பக்கமா ஒரு முழம் விட்டுக் கொப்போட அரியோணும், அதுவும் பழம் சிவக்க முதல். மருந்துக்கு எடுக்கிற ஆக்கள் எந்த மரத்தில நிண்டதெண்டு கேட்டுத்தான் எடுப்பினம், அதால மாங்குருவிச்சையையும் வேம்புக் குருவிச்சையையும் கலந்து குடுக்காதேங்கோ.