வெள்ளை மறைந்தால் உரத்தைத் தேடாதீர்கள்

மறுபடியும் அதே புகாருடன் ஒரு மார்பிள் குயின், அதாவது இலையில் வெள்ளை கலந்த மணி பிளான்ட் தொட்டி, சிகிச்சைக்கு வந்திருக்கிறது. வாங்கும்போது இலைக்குப் பாதி வெள்ளை. சில மாதங்களில் பச்சையேறிவிட்டது. சத்து போதவில்லை என்று முதலில் யூரியா, அடுத்து எப்சம் உப்பு, கடைசியாக 'வெள்ளை வரவைக்கும் டானிக்'. இப்போது இலை ஓரமெல்லாம் கருகி, வேர் பாதி அழுகி, தொட்டி மண்மேல் உப்பு படிந்து கிடக்கிறது. அந்தச் செடிக்குத் தேவைப்பட்டது ஜன்னலோரத்தில் ஓர் இடம் மட்டுமே.

உரம் போட்டு வெள்ளையை வரவழைக்க முடியாது. எந்த உரத்தாலும் முடியாது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அல்லது மிக மிகக் குறைவு. அது உணவு தயாரிக்காது. பக்கத்திலுள்ள பச்சைதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது. வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் வரவு குறைகிறது, புதுக் கொழுந்துகள் பச்சை கூடி வருகின்றன. அந்த நிலையில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் பச்சைதான் இன்னும் கொழுக்கும். பச்சையாக விரிந்துவிட்ட இலை வெள்ளைக்குத் திரும்பாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடம் மாற்றிய பிறகு வரும் மூன்றாவது, நான்காவது இலையைப் பார்த்துத்தான் பலனைச் சொல்ல முடியும். ஒரு வாரத்தில் பழைய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

செடி முழுவதும் மெல்ல மெல்லப் பச்சையேறினால் வெளிச்சப் பிரச்சினை. மற்ற கொடிகள் வெள்ளையோடு இருக்க, ஒரு கொடி மட்டும் முழுப் பச்சையாக ஓடினால் கதை வேறு. அந்தக் கொடியின் வளர்நுனியில் வெள்ளைச் செல்கள் தீர்ந்துவிட்டன. விட்டுவைத்தால் வேகமாக வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும். தயங்காமல் கவாத்து செய்யுங்கள். எங்கே வெட்டுவது? தண்டை உற்றுப் பாருங்கள். இலையில் உள்ள வெள்ளை, தண்டிலும் மெல்லிய கோடாக ஓடும். பச்சையும் வெள்ளையும் இரண்டும் தெரிகிற கடைசிக் கணுவுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து வரும் பக்கக்கிளை பெரும்பாலும் கலப்பு நிறத்தில் வரும்.

முழு வெள்ளையாக வரும் கொடியும் பிழைப்புக்கு உதவாது. படத்துக்கு அழகுதான். ஆனால் தாய்ச்செடியிலிருந்து பிரித்துவிட்டால் தானாக உணவு செய்ய வழியில்லை. தண்டில் இருந்த இருப்பு தீர்ந்ததும் போய்விடும். முழு வெள்ளைத் தண்டுத் துண்டை அபூர்வ வகை என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

'மணி பிளான்ட் இருட்டிலும் வளரும்' என்ற பேச்சுதான் பாதி சேதத்துக்குக் காரணம். சாகாமல் கிடப்பதை வளர்வதாகச் சொல்கிறார்கள். நம் கண் மங்கலான அறைக்கும் பழகிவிடும், அதனால் ஜன்னலிலிருந்து உள்ளே போகப்போக வெளிச்சம் எவ்வளவு சரிகிறது என்பதே தெரிவதில்லை. நண்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் ஓரளவு பிரிந்து தெரிந்தால் போதுமான வெளிச்சம். நிழலே விழாவிட்டால் அது பச்சை மணி பிளான்ட்டுக்கு வேண்டுமானால் ஆகும், வெள்ளை கலந்ததற்கு ஆகாது. காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படலாம். பிற்பகல் வெயில் நேராக விழுந்தால் வெள்ளைப் பகுதிதான் முதலில் வெந்து பழுப்பாகும், அது ஆறவும் ஆறாது. ஜன்னலே இல்லாத அறை என்றால் வெள்ளை எல்இடி விளக்கை 30 முதல் 45 சென்டிமீட்டர் தூரத்தில், தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

தொங்கும் தொட்டிக்கு இன்னொரு சிக்கல். கூரையை ஒட்டி மாட்டுகிறார்கள். ஜன்னலின் மேல்சட்டம் தொட்டிக்குக் கீழே நின்றுவிடுகிறது. கீழே தொங்கும் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது, தொட்டியின் தலைப்பகுதி இருட்டில் கிடக்கிறது. விளைவு, மேலே வழுக்கை, கீழே நாலு இலை. தொட்டியின் வாய் ஜன்னல் கண்ணாடியின் உயரத்துக்குள் வரும்படி இறக்கி மாட்டுங்கள். ஏற்கெனவே வழுக்கை விழுந்திருந்தால், நீண்ட கொடி ஒன்றைச் சுருட்டி மண்மேல் படுக்கவைத்து, கணுக்கள் மண்ணைத் தொடும்படி வளைத்த கம்பியால் குத்தி நிறுத்துங்கள். வேர் பிடித்து அங்கேயே தளிர்க்கும். கடையில் பார்த்த அந்த அடர்த்தி ஒற்றைச் செடியின் அடர்த்தி அல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு தொட்டியில் பல துண்டுகளை நெருக்கி நட்டுத்தான் நர்சரியில் விற்கிறோம்.

தண்ணீர். இலை தொங்கினால் உடனே குவளையைத் தூக்காதீர்கள். காய்ந்தாலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: லேசாக இருந்தால் தாகம், கனமாக இருந்தும் தொங்கினால் அழுகல். வெள்ளை மிகுந்த செடி மெதுவாக வளர்வதால் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். பக்கத்துப் பச்சைச் செடிக்கு ஊற்றும் கணக்கில் இதற்கும் ஊற்றினால் மண் காயவே காயாது. மேல்மண் 3 முதல் 4 சென்டிமீட்டர் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். துளையில்லாத அலங்காரத் தொட்டியில் நேராக நடவே கூடாது.

அழுகிய வேரை அடையாளம் காண்பது எளிது. இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நீக்கி, மிஞ்சிய வேரின் அளவுக்குச் சிறிய தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் தங்கி மறுபடியும் அழுகும். வேர் ஏறக்குறைய எல்லாமே போயிருந்தால் செடியோடு போராட வேண்டாம். கணுவும் இலையும் உள்ள துண்டுகளை வெட்டித் தண்ணீரில் வைத்து, வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். கணு இல்லாத வெறும் இலை செடியாகாது.

மண் கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அதுபோக உரம் வேண்டுமென்றால், வளரும் காலத்தில் மட்டும் மாதம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், ஈர மண்ணில். உப்பு படிந்திருந்தால் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். இலைக்குப் பளபளப்பு எண்ணெய் தடவாதீர்கள், ஈரத்துணி போதும். துடைக்கும்போது இலைக்காம்பின் இடுக்கைப் பாருங்கள். மாவுப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குழந்தைகளும் பூனை, நாயும் உள்ள வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் செடியில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், நாக்கு வீங்கலாம். ஆடும் கொடியைப் பூனை விடாது, எட்டாத உயரத்துக்குக் கொடியை வெட்டிவையுங்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டும்போது சாறு பட்டு அரித்தால் அதற்கும் காரணம் இதுதான், கையுறை போடுங்கள்.

வெட்டிய கொடிகளை மரத்தடியில் வீசவும் கூடாது. வெப்பமான ஊர்களில் ஒரு கணு மண்ணைத் தொட்டாலும் வேர்விட்டு மரமேறும். துண்டாக்கி, வெயிலில் மொரமொரவென்று காயவைத்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.