டிராஃப்டுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள்: ஜூனியர் ஐஸ் ஹாக்கியிலிருந்து என்.எச்.எல் வரையிலான விதிகள்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சத் தொழில்முறை லீக் என்.எச்.எல்; அதன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். ஒரு வீரர் அந்த டிராஃப்டில் தேர்வாகும் நாளுக்கும், தொழில்முறை ஆட்டக்காரராக நிலைபெறும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளில் அவர் எந்த லீகில் ஆடலாம், எதில் ஆடக் கூடாது என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் பிறந்த தேதி, எந்த லீகிலிருந்து தேர்வானார் என்பது, எந்த ஒப்பந்தத்தில் எப்போது கையொப்பமிட்டார் என்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே அவருடைய பாதையை வகுக்கின்றன. இந்த விதிகளைக் கையொப்பமிட்ட பிறகு தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் பல. முன்பே தெரிந்துகொள்வதற்கான விளக்கம் இது. 2013இல் உருவாகி, 2020இல் நீட்டிக்கப்பட்டு, 2026 செப்டம்பர் 15 வரை பொருந்தும், என்.எச்.எல்லுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டு இங்கே எழுதப்படுகிறது. அதன் பிறகு மாறக்கூடியவற்றில் ஒன்று உரிய இடத்தில் குறிப்பிடப்படுகிறது.

முதலில் லீகுகள். கனடிய ஹாக்கி லீக் எனப்படும் சி.எச்.எல், ஒன்டாரியோவின் ஓ.எச்.எல், மேற்கு மாகாணங்களின் டபிள்யூ.எச்.எல், கியூபெக்கையும் கடலோர மாகாணங்களையும் சேர்ந்த கியூ.எம்.ஜே.எச்.எல் ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது. சில அமெரிக்க நகரங்களின் அணிகளும் இதில் உண்டு. பொதுவாக 16 முதல் 20 வயது வரையிலானவர்கள் இங்கே ஆடுகிறார்கள். என்.எச்.எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள தொழில்முறை லீக் ஏ.எச்.எல், அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். இவற்றுக்குப் பக்கத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் என்.சி.ஏ.ஏ தனி வழியாக இருக்கிறது.

டிராஃப்டுக்குத் தகுதி பெற, அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் வீரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் மொத்தம் 224 பேரைத் தேர்வு செய்கின்றன. தேர்வானதால் மட்டுமே வீரர் யாருடைய ஊழியரும் ஆகிவிடுவதில்லை. அவருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை ஓர் அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவே. சி.எச்.எல்லிலிருந்து தேர்வானவர் என்றால், அந்த உரிமை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், அதாவது இரண்டாம் ஆண்டின் ஜூன் 1ஆம் தேதி காலாவதியாகும். அதற்குள் கையொப்பம் ஆகாவிட்டால், வயதைப் பொறுத்து அவர் மீண்டும் டிராஃப்டில் நுழையலாம் அல்லது விரும்பிய அணியுடன் பேசலாம்.

ஜூனியருக்குத் திருப்பி அனுப்பும் விதி

இந்த விளக்கத்தின் மையம் என்.எச்.எல்லுக்கும் சி.எச்.எல்லுக்கும் இடையிலான ஏற்பாடுதான். சி.எச்.எல் அணியிலிருந்து டிராஃப்டில் தேர்வான ஒரு வீரர், சீசன் தொடங்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 20 வயதை எட்டாதவராகவும், ஜூனியரில் நான்கு சீசன்களை முடிக்காதவராகவும் இருந்தால், அவரை என்.எச்.எல் அணி ஒன்று தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அவருடைய ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இடையில் உள்ள ஏ.எச்.எல்லுக்கு அனுப்ப வழியில்லை.

இதன் நோக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. 18, 19 வயதுச் சிறந்த வீரர்களை நம்பித்தான் ஜூனியர் அணிகள் அரங்கை நிரப்புகின்றன. அவர்களையெல்லாம் ஏ.எச்.எல் இழுத்துக்கொண்டால், பதினாறு வயதுச் சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் ஆட்டத்தின் தரமும் குறையும். ஆனாலும் விதியின் சுமை முழுவதும் ஒரு குறிப்பிட்ட வகை வீரர் மீதே விழுகிறது. ஜூனியரில் எல்லோரையும் விஞ்சிவிட்ட, ஆனால் முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர்களோடு தளத்தைச் சுற்றிய பலகையோரத்தில் மோதிப் பக்கை (பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு) கைப்பற்றும் உடல்வலு இன்னும் வராத 19 வயதுக்காரர் அவர். ஜூனியரில் எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டியதும் பக்கை நீண்ட நேரம் தன்னிடமே வைத்திருந்து இரண்டு பேரைத் தனியாக ஏய்க்கலாம். யாரும் அதற்குத் தண்டனை தருவதில்லை. அதே பழக்கம் தொழில்முறை ஆட்டத்தில் முதல் மோதலிலேயே பக்கைப் பறிகொடுக்க வைக்கும். ஒரு சீசன் முழுவதும் எளிதாக வென்றுகொண்டிருப்பது இத்தகைய பழக்கங்களை ஆழமாக்கிவிடுகிறது என்ற பயிற்சியாளர்களின் கவலை நியாயமானது.

இந்த விதி சி.எச்.எல்லிலிருந்து தேர்வானவர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய கிளப்பிலிருந்து தேர்வானவரை 18 வயதிலேயே ஏ.எச்.எல்லுக்கு அனுப்பலாம். 2014 டிராஃப்டில் பாஸ்டன் 25ஆவதாகத் தேர்வு செய்த செக் வீரர் டேவிட் பாஸ்டர்நாக் அந்த ஆண்டே பிராவிடன்ஸ் ஏ.எச்.எல் அணியிலும் பாஸ்டனிலுமாக ஆடி வளர்ந்தார். அதே டிராஃப்டில் ஸ்வீடனின் மோடோ அணியிலிருந்து டொராண்டோவுக்குத் தேர்வான வில்லியம் நைலாண்டர், அந்த சீசனின் பிற்பகுதியில் டொராண்டோ மார்லீஸ் ஏ.எச்.எல் அணிக்கு வந்துவிட்டார். இருவரும் கனடிய ஜூனியரிலிருந்து தேர்வாகியிருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது.

பிறந்த மாதம் எப்படி ஒரு முழு ஆண்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதை இரண்டு கற்பனை வீரர்களைக் கொண்டு பார்க்கலாம். ஒருவர் 2005 அக்டோபரில் பிறந்தவர், மற்றவர் 2006 ஜூனில் பிறந்தவர். இருவரும் 2024 ஜூன் டிராஃப்டில்தான் முதல் முறையாகத் தகுதி பெறுகிறார்கள். அக்டோபர்க்காரருக்கு 2025 டிசம்பர் 31க்கு முன்பே 20 வயது ஆகிவிடுவதால், 2024-25 என்ற ஒரே சீசன்தான் அவரைத் திருப்பி அனுப்பும் விதிக்குள் வருகிறது. 2025-26இல் அவர் தாராளமாக ஏ.எச்.எல்லில் ஆடலாம். ஜூன்காரருக்கோ இரண்டு சீசன்களும் ஜூனியரிலேயே கழியும், 2026-27இல்தான் ஏ.எச்.எல். திறமை சமமாக இருந்தும் பாதை ஓராண்டு நீள்கிறது. ஆகவே எந்தத் திட்டமிடலும் பிறந்த தேதியிலிருந்தே தொடங்க வேண்டும்.

விதிக்குச் சில விலக்குகள் உண்டு. ஜூனியர் அணியின் சீசன் முடிந்ததும், அல்லது அது பிளே-ஆஃபிலிருந்து வெளியேறியதும், வீரர் மீதமுள்ள நாள்களுக்கு ஏ.எச்.எல் அணியில் சேரலாம். ஏப்ரலில் கிடைக்கும் அந்தச் சில ஆட்டங்களைச் சிறியதாக எண்ணக் கூடாது. அடுத்த கோடையில் எதில் உழைக்க வேண்டும் என்பதை அவை வீரருக்கே காட்டிவிடுகின்றன. மற்றொன்று, உடல்தகுதிக்கான தற்காலிக மாற்றம். என்.எச்.எல் பட்டியலில் இருந்தும் ஆட்ட வாய்ப்பின்றி இருப்பவரை 14 நாள்கள் வரை ஏ.எச்.எல்லுக்கு அனுப்பலாம். 2022இல் சியாட்டில் நான்காவதாகத் தேர்வு செய்த ஷேன் ரைட், அந்த ஆண்டு நவம்பரில் இவ்வாறே கோச்செல்லா வேலி அணிக்குச் சென்று ஐந்து ஆட்டங்களில் நான்கு கோல் அடித்தார். பின்னர் உலக ஜூனியர் போட்டியில் கனடாவுக்குத் தலைமை ஏற்றார். அதன் பின் ஓ.எச்.எல்லுக்குத் திரும்பினார். அடுத்த சீசனில் 19 வயதிலேயே ஏ.எச்.எல்லில் ஆட அவருக்குத் தனி விலக்கு அளிக்கப்பட்டது.

2025 ஜூலையில் உறுதியான புதிய கூட்டு ஒப்பந்தம் 2026 செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வரும். சி.எச்.எல்லுடன் உடன்பாடு கண்டு, அணிக்கு ஒருவர் என்ற அளவில் 19 வயது வீரரை ஏ.எச்.எல்லுக்கு அனுப்ப இடம் தருவது அதில் பேசப்பட்ட மாற்றங்களில் ஒன்று. அணிக்கு ஒருவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரே அணிக்குத் தேர்வான இரண்டாவது 19 வயதுக்காரருக்குப் பழைய நிலையே தொடரும்.

ஒன்பது ஆட்டம், நாற்பது ஆட்டம்

18 முதல் 21 வயதுக்குள் கையொப்பமிடுபவரின் தொடக்கநிலை ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கானது. 22, 23 வயதில் இரண்டு ஆண்டு, 24இல் ஓர் ஆண்டு. வயது செப்டம்பர் 15ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 18 அல்லது 19 வயதில் கையொப்பமிட்ட ஒருவர் அந்த சீசனில் பத்து என்.எச்.எல் ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், ஒப்பந்தத்தின் அந்த ஆண்டு செலவாகாமல் ஓராண்டு தள்ளிப்போகிறது. 18 வயதில் கையொப்பமிட்டவருக்கு இது இரண்டு முறை நிகழலாம். ஆனால் முதன்முதலாகக் கையொப்பமிடும் அதே ஆண்டில் செப்டம்பர் 16க்கும் டிசம்பர் 31க்கும் இடையில் 20 வயதாகிறவருக்கு இந்தத் தள்ளிவைப்பு இல்லை. மேலே சொன்ன இருவரும் 2025இல்தான் கையொப்பமிடுகிறார்கள் என்றால், அக்டோபர்க்காரருக்கு ஒரு முறைகூடத் தள்ளிப்போகாது, ஜூன்காரருக்கு ஒரு முறை தள்ளிப்போகலாம்.

அக்டோபர் மாதத்தில் இளம் வீரர்களை ஒன்பது ஆட்டங்களுக்குப் பார்த்துவிட்டு அணிகள் முடிவெடுப்பதன் காரணம் இதுவே. பத்தாவது ஆட்டத்தில் பனித்தளத்தில் இறங்கினால், குறைந்த ஊதியத்துக்கான மூன்று ஆண்டுகளில் ஒன்று அணியின் கையைவிட்டுப் போகிறது. எனவே ஒன்பதாவது ஆட்டத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர் தோற்றுப்போனவர் என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது எல்லைக்கோடு நாற்பது. ஒரு சீசனில் நாற்பது ஆட்டங்களுக்கு, கோலியாக இருந்தால் முப்பது ஆட்டங்களுக்கு, அணியின் நடப்புப் பட்டியலில் இருந்தால் அது ஒரு சேவை ஆண்டாகக் கணக்கில் ஏறுகிறது. அத்தகைய ஏழு ஆண்டுகள் சேர்ந்தாலோ 27 வயது நிறைந்தாலோ, ஒப்பந்தம் முடிந்ததும் வீரர் எந்த அணிக்கும் செல்லும் முழு உரிமை பெறுகிறார். 18 வயதில் தொடங்குபவருக்கு இது மிகப் பெரிய வேறுபாடு.

இதற்கு லியோன் டிரைசைட்டில் நல்ல சான்று. 2014இல் எட்மன்டன் மூன்றாவதாகத் தேர்வு செய்த இவர், அந்த சீசனில் 37 என்.எச்.எல் ஆட்டங்களில் ஆடி இரண்டு கோல் மட்டுமே அடித்திருந்தார். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு அதற்குள் செலவாகிவிட்டது. நாற்பதைத் தொடுவதற்கு முன் அவர் ஜூனியருக்கு அனுப்பப்பட்டார். கெலோனா ராக்கெட்ஸ் அணியோடு டபிள்யூ.எச்.எல் பட்டத்தை வென்று, சி.எச்.எல்லின் சாம்பியன் தொடரான மெமோரியல் கோப்பையின் இறுதிவரை சென்றார். இறுதியில் அணி தோற்றாலும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 2020இல் அவர் என்.எச்.எல்லின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். நான்காவது வரிசையில் சில நிமிடங்கள் ஆடிவிட்டுப் பெஞ்சில் அமர்ந்திருப்பதைவிட, எதிரணியில் ஆள் குறைந்த பவர்ப்ளேயிலும் தன் அணியில் ஆள் குறைந்த பெனால்டி கில்லிலும் நெருக்கடியான கடைசி நிமிடங்களிலும் ஆடும் பொறுப்பு ஒரு 19 வயதுக்காரருக்கு அதிகம் கற்றுத்தரும் என்பதே என் உறுதியான கருத்து. ஆட்ட எண்ணிக்கையை நாற்பதுக்குள் வைக்கவே அணி திருப்பி அனுப்பியிருந்தாலும், பலன் வீரருக்கும் சேர்ந்தே கிடைக்கலாம்.

பல்கலைக்கழக வழி

முன்பெல்லாம் சி.எச்.எல்லில் ஆடியவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் கதவு மூடப்பட்டிருந்தது. அந்த லீகில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றவர்களும் ஆடுவதால், என்.சி.ஏ.ஏ அதைத் தொழில்முறை லீகாகவே கருதியது. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் கல்லூரியா ஜூனியரா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த வயதுக்கு அது மிகக் கடுமையான கட்டாயம். 2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ முதல் பிரிவுக் குழு இதை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல், உண்மையான, தேவையான செலவுகளுக்கு மேல் ஊதியம் பெறாத சி.எச்.எல் வீரர்கள் பல்கலைக்கழக அணிகளில் ஆடலாம். மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணியின் கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது இந்த மாற்றத்தால்தான்.

மேலே சொன்ன 19 வயதுக்காரரின் இக்கட்டுக்கு இது இன்று கிடைக்கும் மிகச் சிறந்த விடைகளில் ஒன்று. பல்கலைக்கழக அணிகளில் 23, 24 வயதுடையவர்களும் ஆடுகிறார்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனியில் நடப்பதால், வார நாள்கள் எடைப் பயிற்சிக்கும் திறன் பயிற்சிக்கும் கிடைக்கின்றன. 68 ஆட்டங்களும் நெடும் பேருந்துப் பயணங்களும் கொண்ட ஓ.எச்.எல், டபிள்யூ.எச்.எல் அட்டவணையில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. எனினும் ஒன்றை மறக்கக் கூடாது: டிராஃப்டில் தேர்வாவது கல்லூரித் தகுதியைப் பறிக்காது, என்.எச்.எல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது பறித்துவிடும்.

20 வயதுக்குப் பின்

ஏ.எச்.எல்லில் 72 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் கோலிகள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் 13 பேர் வளர்ச்சி நிலை வீரர்களாக இருக்க வேண்டும்; அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டாதவர்கள், ஒருவர் 320ஐத் தாண்டாதவர். இளையவர்களுக்கு இடம் உறுதியாக இருப்பது இதனால்தான். அங்கேயும் ஆட்ட நேரம் கிடைக்காதபோது ஈ.சி.எச்.எல்லுக்கு அனுப்பப்படுவதை, குறிப்பாகக் கோலிகள், இழிவாகக் கொள்ளத் தேவையில்லை. 2012இல் ஸ்டான்லி கோப்பை பிளே-ஆஃபின் சிறந்த வீரரான ஜோனத்தன் குவிக் ரெடிங் ராயல்ஸிலும், பிராடன் ஹோல்ட்பி சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸிலும் ஆடியே மேலே வந்தார்கள்.

கல்வி உரிமையைப் பற்றி ஒரு குறிப்பு. சி.எச்.எல் லீகுகள் ஆடிய சீசன்களைக் கணக்கிட்டு மேல்படிப்புக்கான உதவித்தொகை வழங்குகின்றன. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் அது நிற்குமா, எத்தனை காலத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பவை லீகுக்கு லீக் மாறுபடுகின்றன. என்.எச்.எல் அணி ஒப்பந்தத்தை முன்வைக்கும்போது, டிராஃப்டின் பிந்தைய சுற்றுகளில் தேர்வான வீரருக்கு அந்த உதவித்தொகையே கையிலிருக்கும் மிகப் பெரிய சொத்தாக இருக்கக்கூடும். கையொப்பத்தால் அது இல்லாமல் போகுமானால், ஈடாக எவ்வளவு தரப்படும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும்.